எந்த மாமா?

என் மனைவிக்கு அவள் அலுவலகத்தில் தெர்மாமீட்டர் என்று பெயர். அவளிடம் கையும் களவுமாக மாட்டியவர்கள் வைத்த பெயர் அது. தண்ணீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், ஏழாம் எண் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, காய்ச்சல் என்று விடுப்புக் கேட்பவர்களுக்கு உண்மையிலேயே காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

கதைக்காகச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் அதிகாரி, காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போன ஆளைத் தியேட்டர் வாசலில் பார்த்துவிட்டார். அவரும் அன்று காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத்தான் படத்துக்கு வந்திருந்தார் என்பது வேறு விஷயம். மறுநாள் கோபத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினார்: காய்ச்சல் விடுப்பு வேண்டுவோர் நேரில் வந்து காய்ச்சலைக் காட்ட வேண்டும். அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சுற்றறிக்கை ஓய்வு பெறவில்லை. ஆக, ஊருக்குள் எந்தக் கிருமி புதிதாக வந்தாலும், முதலில் மூன்று மாடி ஏறி என் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மற்ற வேலையைப் பார்க்கப் போகும்.

அவள் வேலையில் கெட்டிக்காரி. டீ கிளாஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருபவனை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒருவர் வேகவைத்த உருளைக்கிழங்கை இடுக்கிக்கொண்டு வந்து, தோல் வெந்து போய், வலியை அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்குக் காய்ச்சல் விடுப்பு இல்லை என்று எழுதி, தீக்காயத்துக்கு மூன்று நாள் விடுப்புக்குப் பரிந்துரைத்தாள். நியாயஸ்தி.

நான் இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்ப்பவன். அந்த அலுவலகத்தின் பேட்டரி அறைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவேன். அப்படிப் போன ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வாரிய ஊழியன் இல்லையே, எனக்கு எதற்கு விடுப்பு? ஆனாலும் ஏழாம் எண் மேஜையில் போய் நின்றேன். பார்த்துவிட்டு, "உங்களுக்கு நிஜமாவே இருக்கு, போய்ப் படுங்க" என்றாள். என்னை நம்பிய முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டேன்.

பதினைந்து வருடத்தில் அவளுக்கு மூன்று பெரிய காய்ச்சல் வந்தது. ஒவ்வொன்றும் போகும்போது சும்மா போகவில்லை. முதல் காய்ச்சல் இமைகளை எடுத்துக்கொண்டது. இரண்டும் பாதிக் கண்ணை மூடித் தொங்க ஆரம்பித்தன. அலுவலகத்தில் அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது, யாரையும் முழுசாகப் பார்ப்பதில்லை என்றார்கள். இரண்டாவது காய்ச்சல் இடது காதைக் கொண்டுபோனது. அதன்பின் வலது காதைச் சாய்த்துக் கேட்பாள். வந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்து, அந்தக் காதுக்குள்ளேயே இருமினார்கள். மூன்றாவது காய்ச்சல் படிக்கட்டைக் கொண்டுபோனது. மூன்று மாடி ஏற அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அறிவிப்புகளைப் படிப்பதுபோல் மூச்சு வாங்குவாள். வாரியத்தின் எல்லா அறிவிப்புகளும் அவளுக்கு மனப்பாடம்.

சத்துக் குறைவு, ரத்தசோகை, மனக்கவலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். சின்ன வயது அம்மா, ஆனால் விஷயம் தெரிந்தவர். ரத்தத்தையும் தசையில் ஒரு துணுக்கையும் எடுத்து அனுப்பி, இரண்டு மாதம் கழித்து எங்களை உட்கார வைத்துச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி உண்டாக்கும் துணுக்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பெயர் மைட்டோகாண்ட்ரியா. அவை அம்மாவிடமிருந்து மட்டுமே வருபவை, அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. இவளுக்கு வந்ததில் நல்லதும் பழுதானதும் கலந்து வந்திருக்கிறது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. இருபது பேட்டரி வரிசையில் எட்டு பேட்டரி சொத்தை. விளக்கும் மின்விசிறியும் மட்டும் ஓடினால் யாருக்கும் தெரியாது. பெரிய மோட்டாரைப் போட்டால் அத்தனையும் படுத்துவிடும். அந்த மோட்டார்தான் காய்ச்சல் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான் என்றார். கிருமியோடு சண்டை போட உடம்பு கூடுதல் சக்தி கேட்கும், அதே நேரம் சாப்பாடு இறங்காது, வரவில்லாமல் செலவு ஏறும், தாங்காத இடத்தில் ஏதாவது அறுந்துவிடும், அறுந்தது எல்லாம் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. பட்டினி கிடக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் வீட்டில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். கண்ட மாத்திரையும் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல்காரர்கள் பக்கமே போகக் கூடாது.

"என் வேலையே அவங்களைப் பாக்குறதுதான் டாக்டர்" என்றாள் என் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் ஏழாம் எண் மேஜையை விளக்கியதும், மறுபடி விளக்கச் சொன்னார். மூன்றாவது முறைதான் நம்பினார். அடுத்த காய்ச்சல் மிச்சமிருக்கும் காதையோ, அதைவிடப் பெரியதையோ கேட்கலாம், முதலில் மேஜையை மாற்றுங்கள் என்றார். என் மாமியார் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலில் நாலே நாளில் போனவர். அப்போது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று அந்த அறையில் புரிந்தது.

மேஜை மாற்றம் கேட்டு விண்ணப்பித்தாள். கீழ்த்தளத்து ஆவண அறை போதும். அங்கே கரப்பான்பூச்சி உண்டு, கரப்பான்பூச்சிக்குக் காய்ச்சல் வராது. வாரியம் அதை மருத்துவக் குழுவுக்கு அனுப்பியது. பரம்பரை நோய் என்றால் பரம்பரையைக் காட்டு என்று குழு ஒரு படிவம் கொடுத்தது. 'குடும்பத்தில் இந்நோய் உள்ள வேறு நபர்' என்ற இடத்தில் என் மனைவி ஒரே சொல் எழுதினாள். மாமா.

அவள் மனதில் இருந்தது அவள் அம்மாவின் தம்பி. ஆனால் நம் மொழியில் யார்தான் மாமா இல்லை? அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் புருஷனும் மாமா, புருஷனின் அப்பாவும் மாமா, மாடி வீட்டுக்காரர் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமா, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரரும் மாமா. மருத்துவக் குழுவின் எழுத்தர் சிரமப்படவில்லை. அவளுடைய பணிப் பதிவேட்டைத் திறந்தார். அதில் அவளைச் சார்ந்திருப்போர் பட்டியலில், உறவு: மாமா என்று ஒருவர் இருந்தார். என் அப்பா. அவருக்குக் கடிதம் போய்விட்டது.

என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. லாரி ஓட்டியவர். இன்றைக்கும் கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறுவார், அதுவும் யாரும் கேட்காமலேயே. ஓய்வுக்குப் பிறகு அவர் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் கடிதம் அது. 'உடல்நிலைப் பரிசோதனைக்கு நேரில் வரவும்' என்பதைப் படித்து, வயதானவர்களில் திடகாத்திரமானவருக்கு ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். எங்களிடம் மூச்சுவிடவில்லை. வேலைக்கு நாங்கள் கிளம்பியதும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

அங்கே அவரை உட்கார்ந்து எழச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து தடவை போதும் என்றார்களாம். இவர் முப்பது போட்டிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று கேட்டதற்கு, அது நாலு நிமிடம் தாமதம் என்று திருத்தியிருக்கிறார். கிளம்பும்போது குழுத் தலைவர் நாற்காலி ஆடுகிறது என்று காலுக்குக் கீழே அட்டை மடித்து வைத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, கையில் வாங்கி வந்த காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார். அதில் இருந்தது இது: 'மாமா பூரண ஆரோக்கியம். பரம்பரை நோய் எதுவும் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

என் மனைவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அழுதாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் நல்லாத்தானேம்மா செஞ்சேன்" என்றார். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆணியை நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

மேல்முறையீடு செய்தோம். இந்த மாமா இல்லை, அம்மாவின் தம்பி என்று விளக்கி மூன்று பக்கம் எழுதினோம். அப்படியானால் அந்த மாமா நேரில் வரட்டும் என்று பதில் வந்தது.

அங்கேதான் சிக்கல். அந்த மாமா எங்கேயும் வரமாட்டார். அவருக்கு நான் வைத்த பெயர் கண்ணாடிப்பெட்டி. கடிகாரம் பழுது பார்ப்பவர், வீட்டிலேயே வேலை. ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும். வாசல் கதவில் ஒரு சின்னத் திறப்பு வைத்து, அதன் வழியாகத்தான் கடிகாரத்தை வாங்குவார், கொடுப்பார். தெருவில் யாராவது தும்மினால் திறப்பு மூடிக்கொள்ளும். எங்கள் கல்யாணத்துக்குக்கூடக் காரில் வந்து, மண்டபத்துக்கு எதிர்ப்புறம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றியபடியே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வருடமாக எந்த விசேஷத்திலும் அதைச் சொல்லிக் காட்டாமல் நான் சாப்பிட்டதில்லை. சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பேசும் திமிர் பிடித்தவர் என்று அவரைப் பற்றிக் குடும்பத்தில் பல கருத்து. அவருக்கும் இமை தொங்கும், அவருக்கும் ஒரு காது கேட்காது, அவராலும் படி ஏற முடியாது. எந்தப் பரிசோதனையும் இல்லாமல், ஒவ்வொரு காய்ச்சலும் தன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை.

நரம்பு டாக்டர், அவரை அலைக்கழிக்காதீர்கள், என் சான்றிதழே போதும் என்று குழுவுக்கு எழுதினார். சான்றிதழ் மாமா ஆகாது என்று குழு பதில் எழுதியது. வரவேண்டாம் மாமா, நான் வேறு வழி பார்க்கிறேன் என்று என் மனைவி போனில் கெஞ்சினாள். அவர் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

என் வேனில்தான் கூட்டிப்போனேன். மாமா இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு டப்பா நிறைய ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்து வந்திருந்தார், இருவரும் பட்டினி கிடக்கக் கூடாதே. என் அப்பாவும் ஏறிக்கொண்டார், தவறான மாமா என்ற முறையில் தன் பக்கத்தை விளக்க வேண்டுமாம். வழியில் என் மனைவி, "மாமா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கடிகார மாமாவுக்குக் கேட்கவில்லை. லாரி மாமா பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழுவின் அறைக்கு வர்ணம் அடிக்கிறார்களாம். அதனால் குழு தற்காலிகமாகக் காய்ச்சல் பிரிவில் இயங்கியது. வராந்தா முழுக்க இருமல். பெஞ்சில் எங்களுக்கு முன்னே பதிமூன்று டோக்கன்.

மாமாவுக்கு வலது காது கேட்காது, இவளுக்கு இடது காது கேட்காது. ஆகவே இவள் அவருக்கு இடதுபுறம் உட்கார்ந்தால் நல்ல காதும் நல்ல காதும் பக்கத்தில் வரும், முணுமுணுத்தாலும் கேட்கும். மாறி உட்கார்ந்தால் செவிட்டுக் காதுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். டோக்கனைச் சரிபார்த்த ஊழியர் அவர்களை மாற்றித்தான் உட்காரவைத்தார். விண்ணப்பதாரர் பதினாலு, ஆதாரம் பதினைந்து, கதவுப் பக்கத்திலிருந்து அதுதான் வரிசை என்றார். மாமாவை அவர் ஆதாரம் என்றே கூப்பிட்டார். "ஆதாரம், தள்ளி உட்காருங்க." ஊழியர் அந்தப் பக்கம் திரும்பியதும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அவர் பார்த்துவிட்டால் மறுபடி மாறுவார்கள். மூன்று மணி நேரம் இப்படியே மாறி மாறி உட்கார்ந்து, நடுவில் நாலு நாலு வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள். அவள் எதற்கு மாமா வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"நாப்பது வருஷமா ஜன்னலைச் சாத்தி வச்சுக் காப்பாத்தின காது பாப்பா. எதுக்காவது ஆகட்டுமே."

நான் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடமாக விட்ட நக்கல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

உள்ளே போனதும் தலைவர் மாமாவை மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். அடையாள அட்டைப் படத்தில் மாஸ்க் இல்லையாம். அவர் கழற்றினார். தலைவர் தன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, "இப்ப உங்களுக்குக் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் மாமா. "அப்ப நோய் எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இருபது வருடத் தொழில் அனுபவம் என்னை விடவில்லை. பேட்டரியை உதாரணம் காட்டி விளக்க ஆரம்பித்துவிட்டேன். சும்மா இருக்கும்போது பார்த்தால் பழுது தெரியாது, லோடு ஏற்றினால்தான் சார் தெரியும் என்றேன். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சரியாச் சொன்னீங்க. லோடோட வாங்க. ரெண்டு பேர்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி."

சொத்தை பேட்டரியில் லோடு ஏற்றிப் பார்த்தால் பேட்டரி போய்விடும் என்பதை நான் சொல்வதற்குள் பதினாறாம் டோக்கன் உள்ளே வந்துவிட்டது. என் அப்பா மட்டும் குனிந்து, இங்கே தூக்கி வந்து போட்டிருந்த தலைவரின் நாற்காலிக் காலடியில் தான் வைத்த அட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

மூன்றாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. பதிமூன்று டோக்கனில் எந்த டோக்கன் கொடுத்ததோ. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள், நரம்பு டாக்டர் இரண்டு வேளையும் வந்து பார்த்தார். என் மனைவிக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டிவிட்டு வந்தாள். எங்கள் கல்யாணத்தன்று அவர் ஆட்டிய மாதிரியே. தகவல் போனதும் குழுத் தலைவர் நேரில் வந்தார். கதவருகே நின்று, உள்ளே கிடந்தவரை எட்டிப் பார்த்து, குறித்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது காது போயிருந்தது.

உத்தரவு அடுத்த வாரமே வந்தது. 'சரியான மாமா காய்ச்சலுடன் பார்வையிடப்பட்டார். பரம்பரை நிரூபணம். கோரிக்கை ஏற்கப்படுகிறது.' அடியில் ஒரு குறிப்பு: ஆவண அறையில் சேருமுன், தனக்குக் காய்ச்சல் இல்லை என்பதற்கு ஏழாம் எண் மேஜையில் சான்று பெற வேண்டும். என் மனைவி தன் மேஜைக்கு எதிரே நின்று தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டாள். சுற்றிப் போய் உட்கார்ந்து அளவைப் படித்தாள். காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். பிறகு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, ஒரு அறிவிப்பையும் படிக்காமல் கீழே இறங்கினாள். இப்போது அந்த மேஜையில் உருளைக்கிழங்குக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாராலும் ஏமாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டுக்குப் போவோம். ஜன்னல்கள் மூடித்தான் இருக்கின்றன, இன்னும் கண் இருக்கிறதே என்பார். வாசலில் என் மனைவி முதலில் எனக்குக் காய்ச்சல் பார்ப்பாள். அரை டிகிரி கூடினாலும் நான் வேனில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கையை ஆட்ட வேண்டியதுதான். இரண்டு முறை ஆட்டியிருக்கிறேன்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது நோட்டில் எழுதிக் காட்டுகிறோம். அவர் வாயால் பதில் சொல்வார். கடிகார முள் நகரும் சத்தம் கேட்காததால் விரல் நுனியை வைத்து ஓடுகிறதா என்று பார்க்கிறார். போனதும் என் மனைவி அவருக்கு இடதுபுறம்தான் உட்காருகிறாள். ஒருநாள் அந்தப் பக்கத்து நாற்காலியில் கடிகாரங்கள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி. "அதான் அவருக்கு ரெண்டு காதும் இல்லையே, எந்தப் பக்கம் உக்காந்தா என்ன?" என்றேன்.

கடைசிக் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து, வலது காதை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"அவர் பேசறது எனக்குக் கேக்கணும்ல."